ஆலும் வேலும் வாக்களித்தது வெண்மையை அல்ல

சென்ற ஆண்டு என் தங்கையின் மகள் ரொறன்ரோவிலிருந்து கொட்டாஞ்சேனையில் உள்ள எமது வீட்டுக்கு வந்திருந்தாள். வெள்ளவத்தையில் அவளுடைய திருமணம் நடக்க இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. வந்த மறுநாட் காலை, கையில் ஒரு சிறிய கறுப்பு டப்பாவுடன் என் மேசையருகே நின்றாள்.

“மாமா, பல்லு மஞ்சளாய்க் கிடக்கு. படத்திலை வடிவாய் வராது. கெமிக்கல் ஒண்டும் போடாமல் இலை குழையிலை ஏதும் வழி இருக்கே? நீங்கள் பழைய விசயமெல்லாம் எழுதுறனீங்கள்தானே” என்றாள்.

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கரித்தூள். கனடிய டொலரில் அவள் கொடுத்திருந்த விலையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரட்டைக் கரியைப் பதப்படுத்தி உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் இத்துறையில் உலகளவில் பெயர் பெற்றது. அந்தக் கரியின் பெரும்பகுதி நீரையும் காற்றையும் சுத்திகரிக்கவும் பொன்னைப் பிரித்தெடுக்கவும் போகிறது. எங்கள் ஊர்ச் சிரட்டை கடல் கடந்து போய், டப்பாவில் அடைபட்டுத் திரும்பிக் கொட்டாஞ்சேனைக்கே வந்திருக்கவும் கூடும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் கரி எனக்கு அம்மம்மாவை நினைவூட்டியது. வடமராட்சியிலிருந்து ஐம்பதுகளில் கொழும்புக்கு வந்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் உமிக்கரியால் பல் தீட்டிப் பழகியவருக்கு இந்த நகரத்தில் உமி கிடைக்கவில்லை. எனவே அடுப்பில் எரிந்த சிரட்டைக் கரியை எடுத்து, அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, உப்புத்தூள் கலந்து, பால்மாத் தகரப் பேணி ஒன்றில் நிரப்பிக் கிணற்றடி மதிலில் வைத்திருப்பார். சிறுவர்களாகிய நாங்கள் விரல் நுனியில் அதைத் தொட்டுப் பல் தீட்டிய பின்னரே தேநீர் கிடைக்கும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை சிரத்தையோடு கரி அரைத்த அம்மம்மாவின் பற்களை நான் ஒருநாளும் வெண்மையாகக் கண்டதில்லை. வெற்றிலைக் காவி படிந்து, பழைய செங்கல்லின் நிறத்தில் அவை இருந்தன. ஆனால் எழுபத்தைந்து வயதிலும் பயித்தம்பணியாரத்தை அவர் கடித்துத்தான் தின்றார். பல் தீட்டுதல் என்பது அவருக்குப் பல்லை வெளுக்கச் செய்யும் காரியமாக இருக்கவில்லை.

மருமகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தேடத் தொடங்கிய நான், சில நாட்களில் வேறொரு கேள்வியில் வந்து நின்றேன். தாவரங்களைக் கொண்டு பல் துலக்கிய எம் முன்னோர் உண்மையில் எதைத் தேடினார்கள்?

எல்லோரும் அறிந்த பழமொழியிலிருந்தே தொடங்கலாம். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி, நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி.’ நாலும் இரண்டும் நாலடியாரையும் திருக்குறளையும் குறிக்கும். ஆல் என்பது ஆலமரம். வேல் என்பதை வேம்பு என்று கருதுவோர் பலர். ஆயினும் அது வேலமரத்தை, குறிப்பாகக் கருவேலத்தைக் குறிப்பது. ஆலம் விழுதும் கருவேலங் குச்சியும் கடுமையான துவர்ப்பு உடையவை. துவர்ப்பு ஈறை இறுக்கும், கசிவைக் குறைக்கும். பழமொழி வாக்களிப்பது உறுதியை மட்டுமே. வெண்மையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் காலைக் கடன்களை வகுத்துச் சொல்லும்போது, பல் துலக்குவதைக் ‘கோல் தின்னுதல்’ என்றே குறிக்கிறார். குச்சியை மென்று, முகம் கழுவி, அதன் பின்னர் தெய்வத்தைத் தொழ வேண்டும் என்பது அங்கே விதி. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது. குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டிருக்க வேண்டும். கசப்பில் வேம்பும், துவர்ப்பில் கருங்காலியும், இனிப்பில் இலுப்பையும், கார்ப்பில் புங்கும் சிறந்தவை என்கிறது. அங்கும் வாய்நாற்றம், கபம், சுவையின்மை ஆகியன நீங்குவதே பயனாகச் சொல்லப்படுகிறது.

பௌத்த விநயமும் துறவிகளுக்குப் பற்குச்சியை விதித்தது. எட்டு விரற்கடைக்கு மேலும் நான்கு விரற்கடைக்குக் கீழும் ஆகாது என்று அளவுகூடச் சொல்லிற்று. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யிஜிங், நாள்தோறும் காலையில் குச்சி மெல்லும் இவ்வழக்கத்தை விரிவாக எழுதிவைத்தார். எமது தீவின் மகாவம்சம், அசோகச் சக்கரவர்த்திக்குத் தேவர்கள் நாள்தோறும் நாகலதை என்னும் கொடியின் குச்சிகளைப் பல் துலக்கக் கொண்டுவந்து கொடுத்ததாகக் கூறுகிறது. கண்டித் தலதா மாளிகையில் புனித தந்தத்துக்கு நடைபெறும் தேவாவைச் சடங்கில், முகம் கழுவ நீர் படைப்பது போலவே பற்குச்சியும் படைக்கப்படுகிறது. சிங்களத்தில் அதனைத் ‘தெஹெட்டி’ என்பர். ஒரு பல்லுக்கே பற்குச்சி படைக்கும் இவ்வழக்கத்தைவிட அந்தக் குச்சியின் பெருமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு குச்சியும் நன்கு பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் புறக்கோட்டைப் பள்ளிவாசல்களின் வாசலில் விற்கப்படும் மிஸ்வாக். இஸ்லாமியர் நபிவழியாகப் போற்றும் இக்குச்சி சல்வடோரா பெர்சிகா என்னும் மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இதை அரேபியாவின் மரம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வரும் ‘உகாய்’ இதுவே. இலங்கையின் வறண்ட கரையோரங்களிலும் இது வளர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே, வழக்கத்தில் உள்ள இடங்களில் மிஸ்வாக்கைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. குச்சியின் நார் தூரிகையாக வேலை செய்வதோடு, அதன் சாறும் கிருமிகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதே காரணம்.

இனி, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளித்த மரத்துக்கு வருகிறேன். சுசுருதர் துவர்ப்பில் தலைசிறந்தது என்ற கருங்காலியை வடமொழியில் ‘கதிர’ என்பர். அதன் இனத்து மரமே சிங்களத்தில் ‘ரத்கிஹிரி’. இலங்கையில் தயாராகும் சுதந்த என்னும் மூலிகைப் பற்பசையில் கருங்காலி, ஆடாதோடை, மகிழம்பட்டை, புங்கு, மாசிக்காய், கடுக்காய், கிராம்பு, மிளகு, இஞ்சி ஆகியன சேர்கின்றன. ஆக, ஆயிரமாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் துவர்ப்பு மரபு இன்றும் குழாய்க்குள் இருக்கிறது. ஆனால் அதே கருங்காலி மரத்தின் வைரத்தைக் காய்ச்சி இறுக்கி எடுப்பதுதான் வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டி. வாயைச் சிவக்கச் செய்வதும் பல்லில் காவியேற்றுவதும் அதுவே. பல்லைக் காக்கும் மரமும் பல்லில் கறையேற்றும் மரமும் ஒன்றாக இருக்கின்றன.

இதில் முரண் எதுவும் இல்லை. ஈறை இறுக்கும் துவர்ப்புப் பொருளாகிய தனினே பற்களில் கறையையும் படியச் செய்கிறது. தேயிலை, பாக்கு, கடுக்காய், கருவேலம்பட்டை எல்லாவற்றிலும் அது உண்டு. துணிக்குச் சாயமேற்றவும் தோலைப் பதனிடவும் கருவேலம்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தியவர்கள் நம்மவர்கள். அவை கறையாக்கும் என்பதை அவர்கள் அறியாமலிருந்திருக்க முடியாது. அறிந்தே பல்லுக்கும் பயன்படுத்தினார்கள். ஏனெனில் அவர்கள் தேடியது நிறத்தை அல்ல.

நிறத்தை அவர்கள் விரும்பவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சங்கப் புலவர்கள் பெண்ணின் பல்லை முல்லை அரும்போடும் முத்தோடும் ஒப்பிட்டார்கள். ஆனால் தாம்பூலம் போட்டுச் சிவந்த வாயையும் அதே சமூகம் அழகென்று கொண்டாடியது. யப்பானில் உயர்குடிப் பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக் கொண்டார்கள். 1870இல் அரசு பிரபுக்களுக்கு அதனைத் தடை செய்தது. வியட்நாமிலும் கறுத்த பல்லே நாகரிகமாக இருந்தது. வெள்ளைப் பல்தான் நல்ல பல் என்பது எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொதுவான நம்பிக்கை அல்ல.

அந்த நம்பிக்கை எம்மிடம் எப்போது வந்தது? எனது அனுமானம், அது விளம்பரத்தோடு வந்தது என்பதே. கொல்கேற் நிறுவனம் 1896இல் பற்பசையைக் குழாயில் அடைத்தது. நைலோன் தூரிகை 1938இல் வந்தது. அதே 1938இல்தான் எமது அயலான கிராண்ட்பாஸில் லீவர் பிரதர்ஸ் நிறுவனம் தனது இலங்கைத் தொழிலை ஆரம்பித்தது. இவற்றுக்கும் கரிப் பேணிக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்பொடிகள் ஆண்டன. கறுப்பு நிறத்தில் மங்கி பிராண்ட். இளஞ்சிவப்பு நிறத்தில் கோபால் பற்பொடி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த எவரும், நாடுகளின் பெயர்களை வரிசையாக அடுக்கிச் சொல்லும் அந்தக் கோபால் பற்பொடி விளம்பரத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளுக்குள் எமது கிணற்றடி மதிலிலிருந்து கரிப் பேணி இறங்கிவிட்டது. தொலைக்காட்சி வந்தது, முத்துப் போன்ற பற்கள் வரவேற்பறையில் சிரித்தன. அம்மம்மா மட்டும் கடைசிவரை கரியை விடவில்லை.

கறைக்கும் உறுதிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுகையில், உலகப் பல் மருத்துவ நூல்கள் எல்லாம் குறிப்பிடும் ஓர் இலங்கைக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அது எமது மலையகத் தமிழர்களின் கதை.

நோர்வே நாட்டுப் பல் மருத்துவர் ஹெரால்ட் லோ, 1970இல் மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தார். தூரிகை, பற்பசை, பல் வைத்தியம் எதையும் அறியாத இளைஞர்கள் அவர்கள். பராமரிப்பு எதுவும் இல்லாவிட்டால் ஈறுநோய் எப்படி வளரும் என்பதை அறிவதே நோக்கம். ஒப்பிடுவதற்கு ஒஸ்லோ நகரில், சிறுவயதிலிருந்தே பல் வைத்தியம் பெற்ற மாணவர்களும் கல்வியாளர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் பரிசோதனை 1971, 1973, 1977, 1982, 1985 என்று தொடர்ந்தது. 1985இல் எஞ்சியிருந்தவர்கள் 161 பேர்.

1986இல் வெளியான முடிவு பல் மருத்துவத்தின் எண்ணத்தையே மாற்றியது. எல்லோருடைய பற்களிலும் அழுக்கும் காரையும் கறையும் தடித்துப் படிந்திருந்தன. ஏறத்தாழ எல்லோருடைய ஈறுகளும் அழற்சியுற்றிருந்தன. ஆனால் சொத்தை அநேகமாக இல்லை. அவர்களில் 8 வீதத்தினருக்கே நோய் வேகமாக வளர்ந்து பற்கள் விழுந்தன. 81 வீதத்தினருக்கு அது மிதமான வேகத்திலேயே வளர்ந்தது. 11 வீதத்தினருக்கு ஈறழற்சிக்கு அப்பால் நோய் நகரவே இல்லை. வாய் நிறையக் கறை இருந்தும் அவர்களுடைய பல்லின் பிடிமானம் குலையவில்லை. கறையைக் கொண்டு மட்டும் பல்லின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் அந்தக் கணக்கை வாசிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்தச் சமூகத்தை இரண்டு நாடுகளுக்கும் எண்ணிப் பங்கிட்டது. பதினைந்து ஆண்டுகளில் 480 பேர் 161 ஆகக் குறைந்ததற்கு, அக்காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஆயிரமாயிரம் குடும்பங்களும் 1977க்குப் பின்னான கலவரங்களும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே எண்ணுகிறேன். ஒரு பற்தூரிகைகூட எட்டாத வாழ்க்கை அவர்களுடையது. அதனாலேயே விஞ்ஞானத்துக்கு அவர்கள் அரிய மனிதர்களானார்கள். உலகம் குடிக்கும் தேநீரைப் பறித்தவர்கள், உலகம் படிக்கும் பல் மருத்துவப் பாடத்தையும் தந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எவருக்கும் தெரியாது.

இவற்றையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கரி போடட்டோ, வேண்டாமோ?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கரியும் உப்பும் உரசியே மேற்கறையை எடுக்கின்றன. வெற்றிலை, தேநீர், புகை ஆகியவற்றின் கறை ஓரளவு போகும். ஆனால் அந்த உரசலில் எனாமலும் தேயும். எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அது தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் நிறத் தந்தினம் தெரியும். வெளுக்கத் தீட்டிய பல் மேலும் மஞ்சளாகும். 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த மீளாய்வு, கரிப் பற்பொடிகள் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ கூறப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது இன்னும் கெடுதி. அமிலம் எனாமலைக் கரைத்து இளக்கும், உப்பு அதைச் சுரண்டும். ஸ்ட்ரோபெரியையும் அப்பச்சோடாவையும் குழைத்துப் பூசுவதைப் பரிசோதித்த 2014ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று, அதனால் பல் உண்மையாக வெளுப்பதில்லை என்று கண்டது. அநுராதபுரம் போன்ற வறண்ட பிரதேசங்களில் கிணற்று நீரின் மிகை புளோரைட்டால் உண்டாகும் கபில நிறப் புள்ளிகளோ பல்லின் உள்ளேயே உருவானவை; எந்த இலையும் எந்தக் கரியும் அவற்றைத் தொடாது. அதே புளோரைட் அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

“வேப்பங்குச்சியும் மிஸ்வாக்கும் பல்லைச் சுத்தமாக்கும், வாயை மணக்கச் செய்யும். மெதுவாக மென்று பாவித்தால் தீங்கில்லை. ஆனால் பிறப்பிலே வந்த நிறத்தை மாற்றும் மூலிகை எதுவும் இல்லை, பிள்ளை. அவசியம் என்றால் ஒரு பல் வைத்தியரிடம் போ” என்றேன்.

அதற்கு மேலும் ஒன்றைச் சொன்னேன். அதைச் சொல்லவே தயங்கினேன்.

நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த காலத்தில் எமது ஆசிரிய பீடத்தில் மூத்த ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். எனக்குச் சந்திப் பிழை சொல்லித் தந்தவர். இரவுப் பணியில் தூக்கம் வராதிருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று ஓயாமல் மெல்லுவார். மகளின் திருமணம் நெருங்கியபோது, சபையில் காவிப் பல்லோடு நிற்க வெட்கப்பட்டுத் தேசிக்காயும் உப்பும் கரியுமாகத் தேய்த்துத் தேய்த்துப் பல்லை ஓரளவு வெளுக்கச் செய்துவிட்டார். எங்களிடம் சிரித்துக் காட்டினார். அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் அதைவிட வெளுப்பாக ஒரு திட்டு இருந்தது. சுண்ணாம்பு சுட்ட புண் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். ஓராண்டுக்குப் பின் மகரகமை வைத்தியசாலையில் அவரைப் பார்த்தபோது அவரால் வாய் திறக்க முடியவில்லை. என் கட்டுரை ஒன்றைக் கேட்டு வாங்கி, பென்சிலால் ஓர் ஒற்றெழுத்தைத் திருத்திக் கொடுத்தார். அதுவே கடைசி.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும் என்பதை 2004இல் வெளியான அதன் அறிக்கை உறுதி செய்தது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிற்கிறது. வாயினுள் தோன்றும் ஆறாத வெண்திட்டும் செந்திட்டும், வாய் திறக்கும் அளவு குறைவதும் அதன் முன்னறிகுறிகள். கண்ணாடி முன் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் தெரியக் கூடியவை. எண்பதுகளிலேயே இந்நாட்டில் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்கு இத்திட்டுகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்து, அவர்களால் அது முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள். நாமோ கண்ணாடியில் பல்லின் நிறத்தை மட்டுமே பார்க்கிறோம்.

மருமகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அப்பப்பாவும் வெத்திலை போடுறவர்தானே” என்றாள். அவளுடைய அப்பப்பா திருமணத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்தார். அன்று மாலையே அவள் அங்கே போய், கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கிழவரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாளாம். அவர் முதலில் ஏசினாராம், பிறகு திறந்தாராம். மறுவாரம் அவரைப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பாக்கை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எண்பது வயதில் விடுவாரோ என்னவோ.

திருமணப் படங்கள் வந்திருக்கின்றன. மருமகளின் பற்கள் முன்பிருந்த நிறத்தில்தான் இருக்கின்றன. வடிவாகத்தான் சிரிக்கிறாள். அந்தக் கறுப்பு டப்பாவை எமது வீட்டிலேயே விட்டுச் சென்றுவிட்டாள். அதைக் கிணற்றடி மதிலில், அம்மம்மாவின் பேணி இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.